காலியாக விடக் கூடாத கட்டம்

“எத்தனை விதி போட்டாலும் மனுஷன் திருந்த மாட்டேங்கானே, அம்மா” என்றார் டாக்டர் கோமதிநாயகம்.

உலகம்மை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

டாக்டருக்கு அறுபது நெருங்குகிறது. உலகம்மைக்கு நாற்பத்தைந்துகூட இராது. தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். காவி கட்டியதில்லை, கண்ணை மூடி உட்கார்ந்து யாருக்கும் காட்டியதில்லை. ஆனாலும் ஆறு ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டருக்கு விதி வகுக்கும் கமிட்டித் தலைவரான இந்த டாக்டர், ஏழு வருஷமாக மாதம் ஒருமுறை இந்த வீட்டுத் தரையில் வந்து உட்காருகிறார். இன்னாருடைய சீடன் என்று வெளியே சொல்லவும் கூசியதில்லை.

“யாரு திருந்தலை?” என்று கேட்டார் உலகம்மை.

“ஜெபக்கனின்னு ஒரு நர்ஸ். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வேலையை விட்டு நீக்கி உத்தரவு தயாரா இருக்கு. நாளைக்குக் காலையில நான் கையெழுத்துப் போடணும். கை வர மாட்டேங்கு. நிம்மதியாப் போடுறதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

“என்ன செஞ்சா?”

“ஒரு உசிரு போச்சு.”

உலகம்மையின் கை நின்றது.

போனவள் பெயர் இசக்கியம்மாள். பீடி சுற்றுகிறவள், முப்பத்துநாலு வயது. காலில் முள் குத்திச் சீழ் வைத்து வந்தாள். முள் குத்தியதற்கெல்லாம் யாரும் சாவதில்லை. ஊசி போட்ட கால் மணி நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு முட்டி, அவள் செத்துப்போனாள்.

அந்த மருந்து தனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். வார்டு வாசலில் டீயோடு நின்ற புருஷனுக்கும் தெரியும். போட்டது என்ன ஊசி என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. உனக்கு ஆகாத மருந்து ஏதும் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பானேன்? கம்ப்யூட்டர் திரையில் ‘ஆகாத மருந்து’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று அழகாக நிரப்பியிருந்தது.

“அந்த ‘இல்லை’யைத் தட்டினது ஜெபக்கனி” என்றார் டாக்டர். “கேக்காமலே தட்டியிருக்கா.”

“கம்ப்யூட்டருக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?”

“பேப்பர்தான். பாதிப் பேருக்கு அந்தக் கட்டம் காலியாக் கிடக்கும்.”

“காலியாக் கிடந்தா ஊசி போடுறவங்க என்ன செய்வாங்க?”

“நோயாளிகிட்டக் கேப்பாங்க.”

சொன்ன கையோடு டாக்டர் அடுத்த பேச்சுக்குத் தாவிவிட்டார். கமிட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகிய நாக்கு அது. தான் சொன்னதைத் தானே கேட்கிற வழக்கம் அதற்கு விட்டுப்போய் நாளாகிறது.

“அதுக்காகக் காலியா விட முடியுமா? நான்தான் விதி போட்டேன். கட்டத்தை நிரப்பாம அடுத்த திரை திறக்காது. மருந்துச் சீட்டு ஃபார்மஸிக்குப் போகாது. எந்த வார்டு எத்தனை சதவீதம் நிரப்பியிருக்குன்னு மாசாமாசம் சுவத்துல ஒட்டச் சொன்னேன். குறைஞ்ச வார்டு நர்ஸ் எங்க முன்னால வந்து நின்னு காரணம் சொல்லணும். நாப்பத்தாறு சதவீதமா இருந்தது ஒரே வருஷத்துல தொண்ணூத்தொம்பது புள்ளி எட்டு.”

அந்தப் புள்ளி எட்டுக்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இனிமேல் நம் ஆஸ்பத்திரிகளில் மருந்து ஆகாமல் ஒருவரும் சாகப்போவதில்லை என்று மேடையில் ஒருவர் முழங்கினார். கீழே நின்று கை தட்டியவர்களில் ஜெபக்கனியும் ஒருத்தி.

“அதுல எத்தனை பேருக்கு ‘இல்லை’?” என்று கேட்டார் உலகம்மை.

“எதுல?”

“நிரப்பின கட்டத்துல.”

டாக்டர் யோசித்தார்.

“அதை யாரும் எண்ணலை. நிரம்பியிருக்கான்னுதான் பாப்போம்.”

உலகம்மை ஒரு சுளை புளியை எடுத்து, கொட்டையை நீக்கி, சட்டியில் போட்டார்.

“அவ ஏன் கேக்காமத் தட்டினா?”

“சோம்பேறித்தனம். வேற என்ன? ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா?”

“அன்னைக்கு வார்டுல எத்தனை நோயாளி?”

“நாப்பத்தோரு பேர்.”

“நர்ஸ்?”

“ரெண்டு பேரு. ஆனா அது நிர்வாகம் பாக்க வேண்டியது அம்மா. எங்க கமிட்டிக்குள்ள வராது.”

இசக்கியம்மாளும் எந்தக் கமிட்டிக்குள்ளும் வரவில்லை. அவளுடைய மரணம் மட்டும் ஐந்தே நாளில் மூன்று கமிட்டிகளுக்கு வந்துவிட்டது. மூன்றும் ஒரே பெயரில் போய் நின்றன. விதி சரி, கம்ப்யூட்டர் சரி, ஜெபக்கனி தவறு. இப்படி ஒற்றுமையாக மூன்று கமிட்டிகள் ஒரு முடிவுக்கு வந்து நான் கண்டதில்லை.

“உத்தரவைக் கொண்டு வந்திருக்கியளா?”

டாக்டர் பையிலிருந்து எடுத்தார். ஒரே ஒரு தாள். மடிப்புக்கூட விழாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார்.

“வாசிங்க.”

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நோயாளியிடம் பேசும்போது இல்லாத ஒரு கணீர்க்குரல் தாள் வாசிக்கும்போது அவருக்கு வந்துவிடும்.

“‘பணியாளர் பெயர்: ஜெ. ஜெபக்கனி. பதவி: முதுநிலைச் செவிலியர். குற்றம்: நோயாளியைக் கேளாமலேயே, கேட்டதாகப் பதிவு செய்தது. மேற்படி குற்றம் ஐயமற நிரூபணமானதால் பணியிலிருந்து உடனடியாக நீக்கப்படுகிறார். நகல், செவிலியர் கவுன்சிலுக்கு.’”

“நகல் எதுக்கு?”

“அங்க போனா வேற எந்த ஆஸ்பத்திரியும் எடுக்க மாட்டாங்க.”

“அவளுக்குக் குடும்பம்?”

“புருஷன் இல்லை. ஒரு மக, நர்சிங்தான் படிக்குதாம்.”

இதைச் சொல்லும்போது டாக்டரின் குரல் இறங்கியது. கெட்ட மனிதரல்ல அவர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டு நன்றாகத் தூங்கியிருப்பார்.

“நடுவுல ரெண்டு வரியை விட்டுட்டியளே” என்றார், தாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உலகம்மை.

“அது எல்லா உத்தரவுலயும் வர்ற வரிம்மா. ஒண்ணும் இல்லை அதுல.”

“வாசிங்க.”

“‘பணியாளரிடம் விளக்கம் கேட்கப்பட்டதா: ஆம். விளக்கம் ஏற்கத்தக்கதா: இல்லை.’”

“என்ன விளக்கம் சொன்னா ஜெபக்கனி?”

டாக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

“நான் அவளை இன்னும் பாக்கலை.”

“வேற யாரு கேட்டாங்க?”

“யாரும்... கேக்க நேரம் இல்லை அம்மா. நாளைக்குள்ள முடிக்கணும்னு மேல இருந்து சொல்லிட்டாங்க.”

“அப்பம் இந்த ‘ஆம்’ போட்டது யாரு?”

“நான்தான்.”

“ஏன்?”

இவ்வளவு பெரிய ஞானிக்கு இது தெரியவில்லையே என்று டாக்டருக்கு லேசான சலிப்பே வந்துவிட்டது.

“அதை நிரப்பலைன்னா உத்தரவு பிரிண்ட் ஆகாதே, அம்மா!”