சருகுமான் அல்லி சேர்ந்த கல்லூரி

ஒரு மலைக்காட்டில் அல்லி என்ற சருகுமானும் கிச்சான் என்ற மலையணிலும் உயிர்த்தோழர்களாக இருந்தார்கள். பள்ளிப்படிப்பு முடிந்தது. இருவரும் ஒரே கல்லூரியில் சேர்வதென்று பேசிவைத்திருந்தார்கள்.

அல்லிக்கு உயிர்வேதியியல் படிக்க ஆசை. சருகுமான்களுக்குப் பழம்தான் முக்கிய உணவு. ஆனால் அவளுடைய தம்பி பழம் தின்றாலே மயங்கி விழுவான். மற்ற குட்டிகள் அதே பழத்தைத் தின்றுவிட்டுத் துள்ளி ஓடும்.

"தம்பி உடம்புக்குள்ளே என்னதான் நடக்குது? அதைத் தெரிஞ்சுக்கணும்!" என்பாள் அல்லி.

கிச்சானுக்கு உச்சிமலைக் கல்லூரியில் மரமேறும் கலை படிக்க இடம் கிடைத்தது. "அங்கே உயிர்வேதியியலும் இருக்கு! நீயும் வந்துடு!" என்றான்.

இருவரும் பார்க்கப் போனார்கள். வாசலெல்லாம் பூந்தோரணம். கல்லூரி முதல்வரான மயில், தோகையை விரித்து வரவேற்றார்.

"ஐயா, ஆய்வுக்கூடம் எங்கே இருக்கு?" என்று கேட்டாள் அல்லி.

"ஆய்வுக்கூடமா? அடுத்த மழைக்காலத்துக்குள் கட்டிவிடுவோம்! எங்கள் வாசலைப் பார்த்தாயா? எவ்வளவு அழகு!"

அங்கே கடைசி வருடம் படிக்கும் கீரி அல்லியின் காதருகே வந்தது. "நாங்க எல்லாச் சோதனையையும் படத்துலதான் பார்க்கிறோம்" என்றது மெதுவாக.

அல்லியின் முகம் வாடியது. ஆனாலும், "பரவாயில்லை கிச்சான். நான் இங்கேயே சேர்ந்துடறேன்" என்றாள்.

"ஏன்?"

"நீ இங்கேதானே இருப்பே!"

அவளைப் பிரியக் கிச்சானுக்கும் மனமில்லை. ஆனால் பழம் தின்று துவண்டு கிடந்த அந்தத் தம்பியை அவனும் பார்த்திருக்கிறான்.

"ஆற்றங்கரைக் கல்லூரியிலும் உயிர்வேதியியல் இருக்கு. அதையும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்." என்றான். " இன்னிக்குச் சாயங்காலத்தோடு அங்கே சேர்க்கை முடியுது. வா!"

வழியில் மரமே இல்லாத பெரிய பொட்டல். தரையில் நடக்க மலையணிலுக்குப் பயம். மேலே பருந்து வேறு வட்டமிட்டது. கிச்சான் நடுங்கிக்கொண்டே அல்லியின் வயிற்றுக்கடியில் ஒண்டி ஓடினான். ஆனால் திரும்பிப் போகலாம் என்று சொல்லவே இல்லை.

ஆற்றங்கரைக் கல்லூரிக்கு வாசல்கூடச் சரியாக இல்லை. உள்ளே மாணவர்கள் இலைகளை அரைத்தார்கள், சாறு வடித்தார்கள், தங்களுக்குள் சத்தமாக விவாதித்தார்கள். அங்கே படிக்கும் நீர்நாய் ஒருத்தியிடம் அல்லி தம்பியைப் பற்றிச் சொன்னாள்.

நீர்நாயின் கண்கள் விரிந்தன. "பழத்தோட இனிப்பைச் செரிக்கிற நொதி அவனுக்குக் குறைவோ என்னவோ! எனக்கு உறுதியாத் தெரியலை. நீ இங்கே சேர்ந்தா நாம சேர்ந்து சோதிச்சுப் பார்க்கலாமே!"

அல்லியின் காதுகள் விறைத்து நின்றன. உடனே கிச்சானைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"போ அல்லி! சேர்ந்துடு!" என்றான் கிச்சான். "லீவு விட்டா நான் ஓடி வந்துட மாட்டேனா?"

"பொட்டல்ல பருந்து இருக்குமே!"

"இருக்கட்டுமே!"

அல்லி சேர்ந்தாள். வருடங்கள் கழித்து, பழத்தின் இனிப்புதான் தம்பிக்கு ஆகவில்லை என்று கண்டுபிடித்தாள். அவனுக்கு இலையும் தளிருமாக ஊட்டினாள். அவனும் தன் வயதுத் தோழர்களோடு துள்ளி ஓட ஆரம்பித்தான். படித்த காலமெல்லாம் ஒவ்வொரு விடுமுறைக்கும் பொட்டலின் ஓரத்தில் அவள் காத்திருப்பாள். கிச்சான் மூச்சிரைக்க ஓடி வருவான்.

வாசலின் அழகையோ தோழன் சேரும் இடத்தையோ பார்க்காமல், நம் கேள்விக்கு விடை தேட வழியுள்ள இடத்தில்தான் படிக்க வேண்டும். அங்கே நம்மை அனுப்பிவைப்பவனே நல்ல தோழன்.