அளவுக்கு வராத தக்காளி

கை அது பாட்டுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறது. என் கண்ணில் தண்ணீர் வந்தால் கதைக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒரு கொல்லையில் ஓர் அணில் இருந்தது. மூன்று குட்டி போட்டிருந்தது. வைகாசி வெயிலில் கொறிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. தாய்க்கு வயிறு காய்ந்தால் குட்டிக்குப் பால் ஏது?

நல்ல வேளை, மாடியிலிருந்து விழுந்த விதைப் பொட்டலம் ஒன்றை அது மாசியிலேயே வேலியோரம் புதைத்து வைத்திருந்தது. தினமும் சாக்கடையில் வாலை நனைத்து வந்து செடி மேல் உதறும். செடியும் வேலியைப் பிடித்து ஏறிக் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. நெல்லிக்காய் அளவுக்கு மேல் வளராத குட்டித் தக்காளி ரகம் அது; எல்லாம் சிவந்து நின்றன.

அணில் ஒன்றைப் பறிக்கக் கை நீட்டியது.

"என்னம்மா பண்றே?" என்றது தேரை. அது சமையலறைச் சாக்கடையில் குடியிருந்தது. அதனால் சமையல் சமாச்சாரம் எல்லாம் தனக்குத்தான் தெரியும் என்பது அதன் எண்ணம். பொட்டலத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டதாகவும் சொல்லிக்கொள்ளும்.

"பழுத்திருச்சு அண்ணா. ஒண்ணு தின்னு பார்க்கலாம்னு..."

"இதுவா? தக்காளின்னா என் அளவு இருக்கும். ஜன்னல் வழியா எத்தனை பார்த்திருக்கேன். இது பிஞ்சு."

"சிவப்பா இருக்கே அண்ணா?"

"வெயில்ல நிக்குது, சிவக்காதா? நீயும்தான் கறுத்துப் போயிருக்கே. பழுத்துட்டேன்னா சொல்றாங்க?"

வேலி மேல் இருந்த ஓணான் தலையை ஆட்டியது. எதற்கும் ஆடுகிற தலைதான் அது. ஆனாலும் இரண்டு பேர் ஒரே பக்கம் நின்றால் அணிலுக்கு வாய் வராது. கையை இழுத்துக்கொண்டது.

நான்கு நாள் போனது. தக்காளி பெரிதாகவில்லை. குட்டிகள்தான் இளைத்தன.

"தண்ணி போதலை," என்று தேரை கண்டுபிடித்தது. "வாலை உதறினா எந்தச் செடியில காய் பெருசாகும்? சாக்கடையிலேருந்து வாய்க்கால் வெட்டு."

யோசனை தேரையுடையது. மேற்பார்வை ஓணானுடையது. மண்ணைத் தோண்டியது மட்டும் பால் கொடுக்கிற அணில்.

அதுவரை அரை வயிறாய்க் கிடந்த வேர், ஒரே நாளில் முட்ட முட்டக் குடித்தது. மறுநாள் காலையில் பழங்களெல்லாம் தோல் வெடித்துத் தரையில் கிடந்தன. எறும்புகள் பந்தி போட்டு உட்கார்ந்துவிட்டன. அவற்றுக்கு யாரும் அளவு சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

"உன் விதை சரியில்லை," என்றது தேரை. "நான் அப்பவே நினைச்சேன்."

ஓணானும் அப்போதே நினைத்ததாகத் தலையை ஆட்டியது.

கூட்டில் கடைக்குட்டி கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அணில் குனிந்து, இலையில் வழிந்திருந்த சாற்றை ஒரு நக்கு நக்கியது. அப்படி ஓர் இனிப்பு. இத்தனை நாளும் பழத்தைக் காவல் காத்துக்கொண்டே பட்டினி கிடந்திருக்கிறோம் என்று அதற்கு அப்போதுதான் புரிந்தது.

உச்சியில் ஒரே ஒரு கொத்து வெடிக்காமல் தொங்கியது. அணில் விறுவிறு என்று ஏறியது.

"அதையாவது விட்டு வை தாயே. இன்னும் நாலு நாள்ல என் அளவு வந்துரும்."

"நீங்க இருந்து பாருங்க அண்ணா," என்றது அணில், வாய் நிறையப் பழத்தோடு. "உங்க அளவு வந்ததும் ஒரு குரல் கொடுங்க. நான் அதுக்குள்ள பிள்ளைங்களுக்குப் பால் கொடுத்துட்டு வந்துடறேன்."

யார் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் ஓணானின் தலை பாதியில் நின்றது. அன்று சாயங்காலம் கடைக்குட்டி போட்ட சத்தத்தில் தேரைக்குத் தூக்கம் கெட்டதாம்.

நம் கையால் வளர்த்ததன் பக்குவத்தை நம் நாக்கிடம்தான் கேட்க வேண்டும், ஜன்னல் வழியாகப் பார்த்தவரிடம் அல்ல என்பதே நீதி. அதற்காகப் பெரியவர்கள் பேச்சைக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே மெல்லலாம். அதிலும் அந்தப் பெரியவர் நம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால், நாம் செய்ய வேண்டியது என்னவென்றால், முதலில்... இதோ வரேன் அத்தை!