நிலவறைக்கு எனாமல்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் தரைக்குக் கீழே ஓர் அறை உண்டு. தியானத்துக்கென்று பழைய குரு கட்டியது. உள்ளே போனவர் தானாக வெளியே வர முடியாது. கதவை வெளியிலிருந்து தாழிடுவார்கள். போதும் என்று தோன்றினால் கயிற்றை இழுத்து மணி அடிக்க வேண்டும். மணி அடித்தவரை யாரும் திட்டுவதில்லை. பந்தியில் ஒரு பார்வை பார்ப்பார்கள். அதற்குத் திட்டே தேவலை.

இப்போதைய குரு மங்கையம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மூத்த சீடர் மாசிலாமணி அறுபதைத் தாண்டியவர். அம்மை வரம் கொடுத்தாலும் மாசிலாமணி கொடுக்கமாட்டார் என்று மடத்தில் கேலி பேசுவார்கள். அவர் காதுபட யாரும் பேசியதில்லை.

குருபூசை நெருங்கியது. அம்மை வெளியூர் போயிருந்த நேரத்தில் நிலவறைக்கு எனாமல் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. இளம் சீடர்கள் குருசாமியையும் நல்லதம்பியையும் காலையிலேயே உள்ளே அனுப்பினார். ஈரப் பெயின்டில் தூசி ஒட்டிவிடுமே என்று, மேலே இருந்த ஒரே காற்றுத் துவாரத்தைச் சாக்கு வைத்து அடைத்தார். கதவையும் தாழிட்டார்.

"வேலையும் தவம்தான். பேசாம அடிங்க," என்றார்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. கதவு திறந்ததும் குருசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து வாந்தி எடுத்தான்.

"தலை சுத்துது அண்ணாச்சி. கண்ணெல்லாம் எரியுது. பெயின்ட்ல கலக்குற தின்னர் வாடை வெளிய போக வழியில்லாம உள்ளயே நிக்குது. அவனையும் வரச் சொல்லுங்க."

"சுத்துறது தலையில்ல, உம்ம மனசு." உள்ளே கேட்கட்டும் என்று மாசிலாமணி குரலை உயர்த்தினார். "நல்லதம்பி மணி அடிச்சானா? அவன் சீடன்!"

குருசாமி தலையைப் பிடித்துக்கொண்டு போய் மாட்டுத் தொழுவத்தில் படுத்துவிட்டான். நிலவறைக் கதவு மறுபடியும் தாழிடப்பட்டது.

பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் அம்மை வந்து சேர்ந்தார். வாசலிலேயே நின்றார்.

"என்ன வாடை இது?"

"நிலவறைக்குப் பெயின்ட் அடிக்கோம்மா. கண்ணாடி மாதிரி வந்திருக்கும்."

"உள்ள யாரு?"

"நல்லதம்பி. காலையில போனவன். சாப்பிடக்கூட வரல. மணியே அடிக்கல பாருங்க." பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல் சொன்னார்.

அம்மை ஓடினார். அவர் நடப்பதே தெரியாது என்பார்கள். அன்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியதை மடமே பார்த்தது.

கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. அம்மை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். மாசிலாமணி பின்னாலேயே இறங்கினார். நல்லதம்பி சுவரோரம் குப்புறக் கிடந்தான். மணிக்கயிற்றுக்கு ஒரு சாண் கீழே, ஈரப் பெயின்டில் அவனுடைய ஐந்து விரலும் பதிந்து தரைவரைக்கும் இழுபட்டிருந்தன.

இருவருமாக அவனை மேலே இழுத்து வந்தார்கள். வண்டி பிடித்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர் அவன் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சன்னல் திறந்து, ஃபேன் போட்டு, அடிக்கடி வெளிய வந்து அடிச்சாலே தலை வலிக்கும். மூடுன அறைக்குள்ள இவ்வளவு நேரமா விடுவாங்க?" என்றார். துணியை இழுத்து அவன் முகத்தை மூடினார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாசிலாமணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த அம்மையின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, அவன் தவத்துலயே போயிட்டான். நிலவறையில அவன் பேருக்கு ஒரு விளக்கு வைக்கணும்."

"பெயின்ட் வாடையில போனான்," என்றார் அம்மை.

"கடைசிவரைக்கும் மூச்சைக் கவனிச்சு..."

"கவனிக்க அங்க மூச்சு ஏது?"

மாசிலாமணி தோளிலிருந்த துண்டை எடுத்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அம்மை தடுக்கவில்லை, தேற்றவுமில்லை.

"இந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்க் கழுவுவேன்? ஒரு மந்திரம் குடுங்கம்மா. சாகுற வரைக்கும் ஜபிக்கேன்."

"தர்றேன். நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுங்க."

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார்.

"கதவை நான் பூட்டினேன்."

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். அம்மை காத்திருந்தார்.

"கதவை... நான் பூட்டினேன்."

"துவாரத்தை நான் அடைச்சேன்."

"துவாரத்தை நான் அடைச்சேன்."

"குருசாமி சொன்னான். நான் கேட்கல."

மாசிலாமணி அதையும் சொன்னார்.

"உங்க மகன் மணி அடிக்கப் பார்த்தான். கயிறு எட்டல."

மாசிலாமணி கைகளைக் கீழே இறக்கினார். "உங்க மகன்னா?"

"நல்லதம்பியோட அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நாம ரெண்டு பேரும் இப்ப அங்கதான் போறோம். பூட்டுற வழக்கத்தை மாத்தாம விட்டவ நான். அதை நான் சொல்லணும். மத்ததை நீங்க சொல்லணும்."

"இது மந்திரமா அம்மா?"

அம்மை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அந்தத் தாய் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லுங்க. அப்புறம் நீங்க ஜபிக்க வேண்டாம். உள்ளுக்குள்ள அதுவே ஓடும்."