மூடாத பக்கம்

கோவில்பட்டியில் ஒரு வீட்டுக் கணினிக்குள் உலாவி ஒன்று வசித்துவந்தது. வீட்டுக்காரி வடிவழகி எந்த இணையப் பக்கத்தைக் கேட்டாலும் ஓடிப்போய்க் கொண்டுவந்து திரையில் நிறுத்துவது அதன் வேலை. ஆறு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்த வாரம்தான் பாதி வேலையில் நின்று விழ ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு முறை விழுந்தது. புதன்கிழமை ஏழு முறை. வியாழக்கிழமை காலை வடிவழகி ஒரு விண்ணப்பத்தைத் திறந்து, பெயரும் படிப்பும் தட்டி, பிறந்த தேதிக்கு வருவதற்குள் விழுந்துவிட்டது.

சாத்தூரில் ஒரு பள்ளிக்கு வேதியியல் ஆசிரியை தேவைப்பட்டது. அன்று மாலை நான்கு மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். போனில் அந்தப் படிவம் திறக்கவே மறுத்தது.

"என்னங்க, மறுபடியும் போயிருச்சு!"

கணவன் சுடலைமணி அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்தான். நூற்பாலையில் எலெக்ட்ரீஷியன் அவன். அன்று அவனுக்கு வார விடுமுறை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"நாலு தடவ பண்ணியாச்சு."

உள்ளே உலாவி குப்புறக் கிடந்தது. வழக்கம்போல மீட்பான் ஓடிவந்தது. உலாவி விழும்போதெல்லாம் தூக்கிவிடுவது மீட்பானின் பொறுப்பு. அதைப்போல ஒரு விசுவாசியைப் பார்க்க முடியாது. விழுந்த நொடியில் எந்தெந்தப் பக்கம் திறந்திருந்தது என்று மனப்பாடமாக வைத்திருக்கும். உலாவி கண் திறந்ததும் அத்தனையையும் பழையபடி அதன் தலையில் அடுக்கிவிடும்.

"எழுந்திரு. நாற்பத்தொரு பக்கமும் பத்திரம். ஒன்றுகூடக் குறையவில்லை" என்றது மீட்பான்.

"அவள் படிவத்தில் தட்டினாளே, அது?"

"அது என் கைக்குச் சிக்காது. திறந்திருந்ததைத்தான் என்னால் தூக்க முடியும்."

வடிவழகி மறுபடியும் பெயரிலிருந்து ஆரம்பித்தாள். பத்து நிமிடம் தாங்கியது. பிறகு திரை வெளுத்து உறைந்துபோயிற்று.

"புதுசா என்னமும் போட்டியா இதுல?" என்று கேட்டான் சுடலைமணி.

"விளம்பரம் வராம இருக்க ஒண்ணு போட்டேன். போன மாசம்."

"அப்ப அதான். எடுத்துரு."

விளம்பரத் தடுப்பான் உள்ளே கதறியது. "நான் வந்த பிறகுதானே இங்கே கூச்சல் குறைந்தது! என்மேல் என்ன குற்றம் கண்டீர்கள்?"

"கடைசியாக வந்தவன் நீதான்" என்றது மீட்பான். அதற்குமேல் விசாரணை நடக்கவில்லை. தடுப்பான் வெளியேற்றப்பட்டது.

பன்னிரண்டே காலுக்கு உலாவி மறுபடியும் விழுந்தது. இம்முறை படிவத்தின் ஓரத்தில் நகை விளம்பரம் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வடிவழகி கணினியில் தேங்கிய குப்பைகளை அழித்தாள். உலாவியின் புதிய பதிப்பை இறக்கினாள். அதற்கே ஒரு மணி நேரம் போயிற்று. உலாவி புதுச் சட்டை மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்றது. மீட்பான் நாற்பத்தொரு பக்கங்களையும் சுமந்து வந்து ஏற்றியது. உலாவி புதுச் சட்டையோடு விழுந்தது.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. வடிவழகி எழுந்து ஜன்னல்வரை நடந்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். மணி இரண்டேகால்.

"சாத்தூருக்கு நேர்ல போய்க் குடுத்துருவமா?" என்று கேட்டான் சுடலைமணி.

"நேர்ல வாங்க மாட்டாங்களாம். காலையிலயே கேட்டுட்டேன்."

உள்ளே, உலாவி முதல்முறையாக நினைவகத்தைத் தேடிப்போனது. பக்கங்கள் உட்கார இடம் கொடுப்பது நினைவகம்தான்.

"ஏன் என்னை இப்படித் தள்ளிவிடுகிறாய்?" என்று கேட்டது.

"நான் தள்ளவில்லை. என்னிடம் கால் வைக்க இடமில்லை, நீயே பார்" என்றது நினைவகம்.

தரையெல்லாம் கேள்விகள் கிடந்தன. எல்லாம் ஒரே கேள்வி: பட்டியல் நகர்ந்ததா? பட்டியல் நகர்ந்ததா?

"யார் கேட்கிறார்கள்?"

மூலையிலிருந்து ஒரு பக்கம் மெதுவாகக் கை தூக்கியது. நாற்பத்தொன்றில் மூத்த பக்கம் அது. "நான்தான். நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டனுப்புவேன். 'மாற்றமில்லை' என்று பதில் வரும். கேள்வியை அழித்துவிடுவேன். மூன்று வருடமாக இதுதான் என் வேலை."

"இப்போது ஏன் அழிக்கவில்லை?"

"திங்கட்கிழமை முதல் பதில் வரவில்லை. அந்த முனையில் என்னை மட்டும் விட்டுவைத்து, பதில் சொல்பவரை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பதில் வராத கேள்வியை எப்படி அழிப்பது? அதனால் அடிக்கடி கேட்கிறேன்."

உலாவி மீட்பானைப் பார்த்தது. "இதையுமா ஒவ்வொரு தடவையும் என்மேல் ஏற்றினாய்?"

"இதைத்தான் முதலில் ஏற்றுவேன். அவளுக்கு மிகவும் வேண்டிய பக்கம்" என்றது மீட்பான், பெருமையாக.

வெளியே சுடலைமணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"மில்லுல அடிக்கடி கரண்ட் ட்ரிப் ஆச்சுன்னா மிஷினை ஒவ்வொண்ணா கழட்டிப் பாப்போம். எது கழண்டதும் ட்ரிப் ஆகுறது நிக்குதோ அதான் ஆளு. இதையும் அப்படிப் பாப்போமா?"

வடிவழகி ஒவ்வொரு பக்கமாக மூடினாள். சேலைக் கடை, கேக் செய்முறை, திருச்செந்தூர் ரயில் நேரம், படித்து முடிக்காத கட்டுரைகள். முப்பத்தொன்பது மூடினாள். படிவமும் இன்னொன்றும் மிஞ்சின.

"அது?"

"அது இருக்கட்டும்."

உலாவி விழுந்தது. மீட்பான் அந்த இரண்டையும் தூக்கிவந்து வைத்தது. நான்கு நிமிடத்தில் திரும்பவும் விழுந்தது.

அது என்ன பக்கம் என்று சுடலைமணிக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் விரிவுரையாளர் வேலைக்கு ஒரு கல்லூரி வெளியிட்ட காத்திருப்போர் பட்டியல். அதில் ஏழாவது பெயர் வடிவழகி. மேலே இருப்பவர்கள் யாராவது வராமல் போனால் கூப்பிடுவோம் என்றார்கள். அதற்காகவே இரண்டு பள்ளிகளில் கிடைத்த வேலையை அவள் வேண்டாம் என்றாள். சாத்தூர் வேலையைப் பற்றிய செய்தியை அனுப்பியதே அவள் தங்கைதான்.

"ஏழாவதா வந்தேங்க" என்றாள். "முந்நூறு பேர்ல ஏழாவது. இத மூடிட்டா, அது நடந்ததுக்கே சாட்சி இல்லாமப் போயிருமே."

"நான் இருக்கம்லா" என்றான் அவன். "ரிசல்ட் பாக்க உன்கூட வந்தவன் நாந்தான."

மணி மூன்று பத்து. வடிவழகி அந்தப் பக்கத்துக்குப் போனாள். தன் பெயரை ஒருமுறை வாசித்தாள். சுட்டியை மூலைக்குக் கொண்டுபோனாள், எடுத்தாள், திரும்பக் கொண்டுபோனாள்.

"நான் போய்விட்டால், பட்டியல் நகர்ந்ததை அவளுக்கு யார் சொல்வார்கள்?" என்று பதறியது பக்கம்.

"யாரும் சொல்ல மாட்டார்கள்" என்றது உலாவி. "நீயும் சொல்லவில்லை."

அவள் மூடினாள்.

நினைவகத்தின் தரை துடைத்துவிட்டதுபோல் ஆயிற்று. உலாவி ஆடாமல் நின்றது. வடிவழகி ஆறாவது முறையாகத் தன் பெயரைத் தட்டினாள். படிப்பு, பிறந்த தேதி, சான்றிதழ்கள். அனுபவம் என்ற கட்டத்தில் மட்டும் விரல் நின்றது. 'இல்லை' என்று தட்டினாள். மூன்று நாற்பத்தாறுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

"அந்த விளம்பரத் தடுப்பானைத் திரும்பப் போட்டுரு. பாவம், சும்மா அதப் பழி சொல்லிட்டோம்" என்றான் சுடலைமணி. அவள் சிரித்துக்கொண்டே சோற்றுத் தட்டை இழுத்தாள்.

மறுவாரம் சாத்தூரிலிருந்து நேர்முகத்துக்கு அழைத்தார்கள். வடிவழகி அந்த மின்னஞ்சலை வாசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது.

கரண்ட் வந்ததும் மீட்பான் பதைத்து ஓடிவந்தது. உலாவி கிடந்தபடியே கை நீட்டித் தடுத்தது.

"முதலில் என்னை மட்டும் தூக்கு" என்றது. "மற்றதை அவளிடம் கேட்டுக்கொள்ளலாம்."