முனகும் கயிறு

மஞ்சுமலைக் காட்டின் நடுவே ஒரு மொட்டைப் பாறை. அதன் உச்சியில் வரையாடுகள் கல்லடுக்கிக் கோட்டை கட்டி வாழ்ந்தன. கோட்டைச் சுவரைத் தாண்டி ஓநாய்களால் ஏற முடியாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்து எச்சில் விழுங்குவதோடு சரி.

ஒரு நாள் அந்த ஓநாய்களுக்குப் புதருக்குள் ஒரு கல்லெறியும் பொறி கிடைத்தது. எப்போதோ நடந்த போரில் மனிதர்கள் விட்டுப்போனது. முறுக்கிய நரம்புக் கயிறும், அதில் செருகிய நீண்ட மரக்கையும்தான் அதன் பலம். கயிற்றை இறுக்கி முறுக்கி விட்டால், கை விருட்டென்று நிமிர்ந்து பாறாங்கல்லை எறியும். ஆனால் அவ்வளவு கனத்தை மலைச்சரிவில் இழுக்க ஓநாயால் ஆகுமா?

ஓநாய்த் தலைவன் நெடுமூக்கன் எட்டு எருமைகளிடம் போனான்.

"ஐயோ பாவம், கோடையில் இப்படி இளைத்துவிட்டீர்களே! கோட்டைக்குள் இடுப்பளவு புல் இருக்கிறது. பொறியை இழுத்து வாருங்கள். ஆடு எங்களுக்கு, புல் உங்களுக்கு!"

ஆடு நனைகிறதே என்று அழுகிற கூட்டம், எருமை இளைத்ததற்கு அழாதா? எருமைகள் அப்படியே நம்பிவிட்டன. எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, என்ன செய்ய!

எட்டும் நுகத்துக்குத் தோள் கொடுத்தன. சக்கரம் புதைந்த இடங்களில் ஓநாய்கள் உருட்டுக்கட்டைகளை அடியில் போட்டன. பின்னால் விடுபட்ட கட்டையை இழுத்து வந்து மறுபடி முன்னால் போட்டன. இப்படியே ஆறு நாளில் பொறி பாறையடிக்கு வந்து சேர்ந்தது.

முதல் கல் பறந்தது. கோட்டைச் சுவரின் ஒரு மூலை சரிந்தது.

"எருமைகளே! உங்களுக்கும் எங்களுக்கும் என்ன பகை?" என்று மேலிருந்து ஒரு வரையாடு கதறியது. எருமைகள் காது கேளாதவை போல அசைபோட்டன.

அப்போது பனிமூட்டம் இறங்கியது. ஈரத்தில் கயிறு தொய்ந்தது. அடுத்த கல் நாலடி தள்ளித் தொப்பென்று விழுந்தது. நெடுமூக்கன் கயிற்றைப் பார்த்தான். பிறகு எருமைகளைப் பார்த்தான்.

"வெள்ளைக்காலா! நீதான் நன்றாக உழைத்தாய். பாறைக்குப் பின்னால் ஒரு சின்னப் புல்வெளி இருக்கிறது. ஓய்வெடுக்கலாம், வா!"

வெள்ளைக்காலன் தன் அண்ணன் சுழியனிடம் தலையாட்டிவிட்டு மூட்டத்துக்குள் நடந்தான்.

"கொடுத்து வைத்தவன்!" என்று மற்ற எருமைகள் பெருமூச்சு விட்டன.

மறுநாள் பொறியில் புதுக் கயிறு இருந்தது. அது வெளுத்து, ஈரம் பளபளக்க, விண்ணென்று இறுகியிருந்தது. கல் நேராகப் பறந்தது. மறுபடி பனி இறங்கியது. மறுபடி கயிறு தொய்ந்தது. மறுபடி ஓர் எருமை ஓய்வெடுக்கப் போனது. மறுநாள் அதே கயிற்றோடு இன்னொரு வெள்ளைப் புரி சேர்ந்து முறுக்கியிருந்தது.

நான்கு நாளில் நான்கு எருமைகள் போயின. ஒன்றும் திரும்பவில்லை. ஓநாய்கள் வேட்டைக்கே போகவில்லை. ஆனாலும் அவற்றின் வயிறு உப்பியிருந்தது. இதையெல்லாம் பார்த்த பிறகும், "அடுத்தது நான்! அடுத்தது நான்!" என்று மீதி நான்கும் முண்டியடித்தன.

ஐந்தாம் நாள் ஓநாய்கள் கயிற்றை முறுக்கின. கயிறு முனகியது. சுழியனின் காதுகள் விறைத்தன. மேடு ஏறும்போது அவன் தம்பி முனகுவானே, அதே முனகல்!

ஓநாய்கள் கல் தேடப் போனதும் சுழியன் கயிற்றில் காதை வைத்தான்.

"அண்ணா, வலிக்கிறது" என்றது கயிறு.

"தம்பி! எங்கே இருக்கிறாய்?"

"உன் காதோரம்தான் இருக்கிறேன். என் நரம்பையெல்லாம் உருவி முறுக்கிவிட்டார்கள், அண்ணா."

சுழியன் ஓடிப்போய் மற்ற மூன்றிடமும் சொன்னான்.

"பொய்! எங்களை விரட்டிவிட்டு நீ முதலில் புல் தின்னப் பார்க்கிறாய்!" என்றது ஒரு கிழட்டு எருமை.

"நீயே வந்து காதை வைத்துப் பார்!"

கிழட்டு எருமை காதை வைத்தது. நேற்று ஓய்வெடுக்கப் போன அதன் மகள் பேசினாள்: "அப்பா, அங்கே புல்லே இல்லை."

மற்ற இரண்டும் ஒவ்வொன்றாய் வந்து கேட்டன. கேட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்றன.

நெடுமூக்கன் சிரித்துக்கொண்டே வந்தான். "இன்று யாருக்கு ஓய்வு?"

நான்கு ஜோடிக் கொம்புகள் தாழ்ந்தன. முதல் முட்டிலேயே நெடுமூக்கன் பாறையில் மோதிச் செத்தான். மற்ற ஓநாய்கள் சரிவில் விழுந்தடித்து ஓடின. எல்லாம் எண்ணி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா! எட்டுப் பேராக இருந்தபோதே ஏன் முட்டவில்லை?" என்று அழுதது கிழட்டு எருமை.

சுழியன் பொறியிடம் போய், முறுக்குத் தடியைக் கொம்பால் மெல்ல உருவினான். கயிறு தளர்ந்தது. நீண்ட மூச்சு ஒன்று அவன் முகத்தில் பட்டது. அதற்குப் பிறகு அவன் எவ்வளவு அழைத்தும் கயிறு பேசவே இல்லை.

அடுத்தவன் வீட்டை இடிக்கத் தோள் கொடுப்பவன், முதலில் பறிகொடுப்பது தன் வீட்டாரைத்தான்.