உப்பு கொடுத்த வாக்கு

கல்லுக்கும் வாய் இருந்த காலம் அது. உப்பு அப்போதே பெரிய ஆள். கடலோரத்து உப்பளத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்து உட்கார்ந்துகொண்டு, நான் இல்லாத சோறும் ஒரு சோறா என்று போகிற வருகிற காற்றையெல்லாம் கேட்கும். கேட்டால் என்ன தப்பு? உண்மைதானே.

அந்த வருஷம் மழை பொய்த்துப் பனைகள் காய்ந்தன. பனை காய்ந்ததால் கள் இல்லை. கள் இல்லாததால் யார் வீட்டிலும் ஆப்ப மாவு பொங்கவில்லை. உப்பளத்து இசக்கியம்மாளுக்கோ வருகிற வெள்ளிக்கிழமை மகளின் மறுவீட்டு விருந்து. சம்பந்தி வீட்டார் இலையில் முதலில் ஆப்பம் விழ வேண்டும், அது அந்த ஊர் வழக்கம். அது தட்டையாக விழுந்தால் மகளுக்குக் காலமெல்லாம் குத்துப்பேச்சுதான். அவள் மாவில் உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தாள். கரித்ததே தவிர மாவு அசையவில்லை.

"ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியுத. இந்த மாவத் தூக்கிவிட ஒனக்குத் துப்பு இருக்கா?" என்றாள்.

உப்புப் போட்டுத் தின்கிறவர்களுக்கே அவ்வளவு ரோஷம் வருகிறது, உப்புக்கு வராதா? நேரே சுண்ணாம்புப் பாறையிடம் போய் நின்றது. மாவைத் தூக்க மூச்சு வேண்டும், அது அடைந்து கிடப்பது அந்தப் பாறைக்குள்தான். காளவாசல் நெருப்பில் வெந்தால்தான் என் மூச்சு வெளியே வரும், நீ அதை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டால் நான் வெந்ததற்கு என்ன அர்த்தம் என்று பாறை கேட்டது.

"பூட்ட மாட்டேன் மாமா. புளிப்போ சூடோ தொட்ட நிமிஷமே வானத்துக்கு விட்டுவிடுவேன். இது என் வாக்கு."

பாறை அதை நம்பிக் காளவாசலில் இறங்கியது. உப்பு தண்ணீரில் கரைந்து காத்திருந்தது. மூச்சும் வந்தது. வந்த வேகத்திலேயே குமிழ் குமிழாக ஏறி ஓடியும் போனது. உப்புக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற பட்டறையிலிருந்து நவச்சாரப் பொடியின் நெடி வந்தது. கண்ணைக் கரிக்கும் என்று யாரும் பக்கத்தில் சேர்க்காத நெடி. நான் தண்ணீரில் இறங்கினால் மூச்சைப் பிடித்து நிறுத்துவேன் என்றது. ஆனால் உன் இரண்டு கையும் தம்பியைப் பிடித்திருக்கிறதே, மூச்சை எந்தக் கையால் வாங்குவாய், அவனை என்னிடம் விடு என்றும் சொன்னது.

உப்பு தனி ஆள் இல்லை. கடலில் பிறந்த நாள் முதல் கைகோத்தே இருக்கிற அண்ணனும் தம்பியும்தான் உப்பு. சேர்ந்திருக்கிற வரைக்கும்தான் அந்தக் கரிப்பு, அந்தப் பெயர், அந்தப் பெருமை எல்லாம். பிரிந்தால் அண்ணனை உப்பென்று யார் சொல்வார்கள்? ஆனாலும் அசையாத மாவின் முன் நின்ற இசக்கியம்மாளின் முகம் நினைவில் வந்தது.

"போய் வா தம்பி" என்று கையை விட்டது.

நெடி தம்பியைப் பிடித்துக்கொண்டது. பாறையின் மூச்சு அண்ணனைக் கட்டிக்கொண்டது. கல்லாக இருந்தவன் பூப்போன்ற வெள்ளைப் பொடியாகத் தண்ணீருக்கடியில் படிந்தான். காளவாசலில் வெந்து கிடந்த சுண்ணாம்பு தம்பியைத் தன்னோடு வைத்துக்கொள்ள, நெடி அடுத்த உப்புக்கு உதவக் கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை இசக்கியம்மாள் அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை போட்டாள். சட்டியில் ஊற்றிய மாவு கண் கண்ணாகப் பூத்து எழும்பியது. யார் கைப்பக்குவம் என்று சம்பந்தியம்மாள் வாயைப் பிளந்தாள்.

"எங்க உப்போட பக்குவம்" என்றாள் இசக்கியம்மாள், தலையை நிமிர்த்தி.

பேர் போயிற்றென்று இருந்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அன்றைக்குத் தொட்டு இன்றுவரை ஆப்பச் சோடா பழைய உப்பாகக் கரிப்பதில்லை. ஆனால் மோர் பட்டாலும் எலுமிச்சை பட்டாலும் சூடு பட்டாலும் புஸ்ஸென்று பொங்கி, பாறைக்குக் கொடுத்த வாக்கை அந்த நிமிஷமே காப்பாற்றிவிடுகிறது.