ஆணி அடிக்காமல் நின்ற குதிரை

மணல்கரை என்று ஒரு கடலோர ஊர். அங்கே இன்னாசி, தொம்மை, கஸ்பார் என்று மூன்று அண்ணன் தம்பிகள். படகு கட்டும் தச்சர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அதற்கு மேல் ஒரு பொட்டும் செய்யமாட்டார்கள். இப்படிப்பட்ட ஆட்கள் எங்கே கிடைப்பார்கள் என்று ஊரே பெருமூச்சு விடும்.

கடைக்குட்டி கஸ்பாருக்குப் பக்கத்து ஊர் எமல்டாவைப் பேசியிருந்தார்கள். பெண்ணுக்கு ஒரே ஒரு நிபந்தனை. கிதார் வாசிப்பேன் என்று சொன்ன மாப்பிள்ளை நிச்சயத்தன்று எல்லோர் முன்னாலும் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். இல்லையென்றால் வெற்றிலைத் தட்டு மாறாது.

கஸ்பாருக்கு உண்மையிலேயே ஒரு பாட்டு தெரியும். ஆனால் அவன் பழகிய கிதார், அதன் சொந்தக்காரனோடு துபாய்க்குப் போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்று தச்சர்கள் இருக்கிற வீட்டில் மரச்சாமானைக் கடையில் வாங்கினால் கேவலமில்லையா? பட்டறையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

உடம்பு நன்றாகவே வந்தது. நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஓட்டையைக் காணோம். மூத்தவர் இன்னாசி பஞ்சைத் திணித்துத் தார் பூசியிருந்தார்.

"ஓட்டையோட ஒரு சாமான நம்ம பட்டறையிலருந்து வெளிய அனுப்புனதில்லலே," என்றார். அதைத் திரும்பத் திறக்க அரைநாள் ஆயிற்று.

அடுத்தது, தந்திகளைத் தூக்கிப் பிடிக்கிற சின்ன மரக்கட்டை. அதற்குக் குதிரை என்று பெயர். டவுனில் வாத்தியம் பழுது பார்க்கிற சேவியர் வாத்தியாருக்குப் போன் போட்டார்கள்.

"குதிரைய ஒட்டாதீங்க, ஆணியும் அடிக்காதீங்க," என்றார் வாத்தியார். "தந்தி அழுத்துற அழுத்தத்துல அது தானா நிக்கும். அடிப்பக்கத்த உப்புத்தாள்ல தேய்ங்க. கீழ வெளிச்சம் தெரியக்கூடாது. தந்தி ஏத்தும்போது ஒருத்தர் விரலால பிடிச்சுக்கிடுங்க." இவ்வளவுதான். மனுஷர் நல்லபடியாகத்தான் சொன்னார்.

முப்பது வருஷம் ஆணி அடித்தே சாப்பிட்டவர் இன்னாசி. ஆணி வேண்டாம் என்றதும் அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. வாத்தியார் சொல்லிவிட்டாரே என்று சுத்தியலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

தொம்மையும் கஸ்பாரும் இரண்டு மணி நேரம் தேய்த்தார்கள். கட்டை அநேகமாகப் பொருந்திவிட்டது. ஆனாலும் அடியில் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

"இந்த வெளிச்சம் எங்கருந்துலே வருது?" என்று யோசித்தான் தொம்மை.

"சன்னல்லருந்து."

சன்னலைச் சாத்தினார்கள். கதவையும் சாத்தினார்கள். கதவிடுக்கில் ஒரு கோணியைத் தொங்கவிட்டார்கள்.

"இப்ப தெரியுதா?"

"கட்டையே தெரியலண்ணே."

"அப்ப பொருந்திட்டு."

கதவைத் திறந்துகொண்டு தந்தி ஏற்ற உட்கார்ந்தார்கள். தொம்மை குதிரையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். கஸ்பார் ஆறு தந்தியையும் முறுக்கி ஏற்றினான். வேலை முடிந்தது. தொம்மை விரலை எடுக்கவில்லை.

"எடுக்கலாமாண்ணே?"

இன்னாசி வெகுநேரம் யோசித்தார். "பிடிக்கச் சொன்னாரு. விடச் சொன்னாரா?"

"சொல்லலையே."

"அப்ப பிடி."

வாத்தியாரையே கேட்டுவிடலாம் என்று போன் போட்டார்கள். அவர் போனை அணைத்துவிட்டு வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்பியிருந்தார். நிச்சயத்துக்கு இன்னும் மூன்று நாள். மூன்று நாளும் தொம்மை கிதாரும் கையுமாகவே கிடந்தான். இன்னாசி ஊட்டிவிட்டார். குளிக்கும்போது கிதாருக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டார்கள். பாவம், அவன் ஒரு வார்த்தை முனகவில்லை. தம்பி கல்யாணமாயிற்றே.

நிச்சயத்தன்று பெண் வீட்டுக் கூடத்தில் கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்து கிதாரை மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் தொம்மை மண்டிபோட்டுக் குதிரையைப் பிடித்திருந்தான். கஸ்பார் வாசித்தான். சாத்தின கதவைத் தட்டுகிற மாதிரி டொக் டொக்கென்று சத்தம் வந்தது. பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவங்க விரல எடுத்தா நல்லாக் கேக்கும்," என்றாள் எமல்டா.

"வாத்தியாரு சொல்லாம எடுக்க முடியாதும்மா," என்றார் இன்னாசி.

எமல்டா எழுந்து வந்து தொம்மையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். இன்னாசி கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். குதிரை விழவில்லை. கஸ்பார் மறுபடி வாசித்தான். அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்கு அப்படி மனசு நிறைந்தது. எமல்டா சிரித்தாள், தட்டு மாறியது. கதையை இங்கே நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

ஆனால் இன்னாசியின் மண்டைக்குள் ஒன்று புகுந்துவிட்டது. பசையில்லை, ஆணியில்லை, ஆனாலும் குதிரை நிற்கிறது. முப்பது வருஷமாகத் தப்பாகத் தொழில் பார்த்துவிட்டோமே என்று வருத்தப்பட்டார். இனிமேல் எதையாவது உறுதியாக நிறுத்துவதென்றால் இந்த வழிதான் என்று முடிவெடுத்தார். அவர் உறுதியாக நிறுத்த வேண்டிய முதல் காரியமோ தம்பியின் கல்யாணம்.

கல்யாணத்தன்று கோயிலில் சாமியார் தாலியை மந்திரித்துக் கஸ்பார் கையில் கொடுத்தார். இன்னாசி குறுக்கே வந்து அதைப் பக்குவமாக வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கட்ட வேண்டாம் சாமி. ரெண்டு பக்கமும் சரியா அழுத்துனா தானா நிக்கும்."

அவர் கையைக் காட்டியதும் மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் கஸ்பாரை இடப்பக்கமிருந்து தோளால் நெருக்கினார்கள். பெண் வீட்டார் ஆறு பேர் எமல்டாவை வலப்பக்கமிருந்து நெருக்கினார்கள். நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும் அசையாமல் நின்றார்கள், அசைய இடமில்லை.

சாமியார் இரண்டு பக்கமும் ஆளை எண்ணிப் பார்த்தார். "எத்தன நாளைக்குப்பா இப்படி?"

"ஆயுசு முழுக்க சாமி. முறை வச்சு ஆள் மாத்திக்கிடுவோம். உங்களுக்கு ஞாயித்துக்கிழமை போட்டிருக்கு."

"ஞாயித்துக்கிழமை எனக்கு மூணு பூசை இருக்கே," என்றார் சாமியார். "புதன்கிழமைன்னா வாரேன்."